பேர் ஒன்று, பொருள் வேறு: தெரியாத மாத்திரையும் பொடியும் கையில் சிக்கினால்

கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் காலைக் கூட்டம் அடங்கிய நேரமாகப் பார்த்து ஒரு அம்மா வந்தார். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர். அன்று சீட்டை எடுக்கவில்லை. சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்ததை அவிழ்த்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்.

"தம்பி, பையனோட பேண்டைத் துவைக்கப் போட்டேனுங்க. இது இருந்துச்சு. என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?"

கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கல்லுப்பை உடைத்த மாதிரி நாலைந்து துணுக்கு. "உப்பா படிகாரமான்னு நாக்குல வச்சுப் பாக்கலாம்னு எடுத்தேன், அப்புறம் பயந்துட்டேன்" என்றார். அவர் பயந்தது நல்லதாகப் போயிற்று. இருபது வருடங்களாக மருந்து எடுத்துக் கொடுக்கிற எனக்கும் அது என்னவென்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பையனைக் கேட்டால் ஒரு பெயர் சொல்வான், அவனுக்கு விற்றவனும் ஒரு பெயர் சொல்லியிருப்பான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையாறு என்று நம் பக்கம் கேரள-தமிழ்நாடு எல்லை கடக்க நிறைய வழிகள் உண்டு. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், ஆஸ்பத்திரிக்குப் பாலக்காடா கோயம்புத்தூரா என்று ஒவ்வொரு முறையும் யோசனை. அவசரத்தில் இந்த யோசனையே நேரத்தைத் தின்றுவிடும். அதனால் நம் ஊருக்குப் பொருந்துகிற மாதிரியே எழுதுகிறேன்.

1. பெயரை ஏன் நம்பக் கூடாது

மருந்துக் கம்பெனியில் ஒவ்வொரு பேட்சையும் சோதித்த பிறகுதான் மாத்திரை வெளியே வரும். கள்ளச் சந்தையில் சோதிக்கிறவர் யாரும் இல்லை. செய்தவன் ஒன்றைச் செய்கிறான், அடுத்தவன் எடை கூட்ட எதையோ கலக்கிறான், மூன்றாமவன் எந்தப் பெயருக்கு விலை கிடைக்குமோ அந்தப் பெயரை வைக்கிறான். கடைசியில் விற்கிற பையன் பொய் சொல்கிறான் என்றுகூட இல்லை. அவனுக்கே தெரியாது.

இப்போது கேரளச் செய்தித்தாளைத் திறந்தால் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளின் பெயர் இல்லாத நாள் குறைவு. பிள்ளைகள் சுருக்கமாக 'எம்' என்கிறார்கள், அல்லது வெறுமனே 'சாதனம்'. அந்தப் பெயரில் கைமாறுவது மெத்தாம்பெட்டமைன் (சுருக்கமாக மெத்) என்ற வேறொரு போதைப்பொருளாக இருக்கலாம். இரண்டும் படிகமாகவே வரும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குத் தெரியும். எம்டிஎம்ஏயின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மெத் அரை நாளுக்கும் மேல் இறங்காது. தூக்கம் போய், பசி போய், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெபெட்ரோன் என்று இன்னொன்று இருக்கிறது. அது சீக்கிரம் இறங்கும், அதனாலேயே திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லும். இந்தியாவில் 2015-இல்தான் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இவற்றைவிட மோசமானது பிஎம்ஏ என்ற சரக்கு. வெளிநாடுகளில் எம்டிஎம்ஏ மாத்திரை என்று சொல்லி விற்கப்பட்டுப் பல உயிர்களை வாங்கியது. அது மெதுவாகத்தான் ஏறும். எடுத்தவர் 'டூப்ளிகேட் போல, ஒன்றுமே ஆகவில்லை' என்று இன்னொன்றைப் போடுவார். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் போகும்.

'ஸ்டாம்ப்', அதாவது எல்எஸ்டி என்ற போதைப்பொருள் ஊறிய காகிதத் துண்டு, அதன் கதையும் இதுதான். எல்எஸ்டி மைக்ரோகிராம் கணக்கில், அதாவது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் வேலை செய்வது. அதனால்தான் நகக்கண் அளவு காகிதத்தில் அடங்குகிறது. அதே மாதிரி நுண்ணிய அளவில் வேலை செய்யும் என்-பாம் என்ற ரசாயனமும் அதே காகிதத்தில் அடங்கும். எல்எஸ்டி என்று நம்பி அதை எடுத்தவர்களுக்கு வலிப்பு வந்திருக்கிறது, ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, இறந்தும் போயிருக்கிறார்கள். என்-பாம் கசக்கும், நாக்கு மரத்துப்போகும் என்று ஒரு குறிப்பு உலவுகிறது. உண்மைதான், ஆனால் எதற்கு உதவும்? கசக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தால் அதுவே எடுத்துக்கொண்டதாகிவிடும்.

பெயர் பொய்யானால் வேறு வகையிலும் வாழ்க்கை போகும். 2023 பிப்ரவரியில் சாலக்குடியில் அழகு நிலையம் நடத்திய ஒரு பெண்ணிடம் 12 எல்எஸ்டி ஸ்டாம்ப் இருந்ததாகக் கைது செய்தார்கள். 72 நாள் சிறையில் இருந்தார். பிறகு ரசாயனப் பரிசோதனை முடிவு வந்தது: அந்தக் காகிதங்களில் எல்எஸ்டியே இல்லை. பிடித்த அதிகாரிகளின் கண்ணுக்கும் அது எல்எஸ்டியாகத்தான் தெரிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் காலேஜ் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. கள்ளில் டயசெபம், குளோரல் ஹைட்ரேட் மாதிரி தூக்க மருந்துகளைக் கலப்பது தென்னிந்தியா முழுக்கப் பழைய வியாதி. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்து உயிர்கள் போயின. 'கள்' என்று கேட்டவருக்குத் தூக்க மாத்திரையைக் கொடுத்தால் அதுவும் பெயர் மாறிய போதைப்பொருள்தான். 2020 அக்டோபரில் கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் செல்லங்காவு ஆதிவாசி ஊரில் சாராயம் என்று வந்ததைக் குடித்து ஐந்து பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலி. விஷமான மெத்தனாலும் குடிக்கிற சாராயத்தில் இருக்கும் எத்தனாலும் நிறத்தில் ஒன்று, வாசனையிலும் ஏறக்குறைய ஒன்று.

2. பொருள் கிடைத்திருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார்

முதல் காரியம், நாக்கில் வைக்காதீர்கள், மோந்து பார்க்காதீர்கள், எரித்துப் பார்க்காதீர்கள். இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தொட்டுவிட்டால் செத்துப்போவோம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நம்ப வேண்டாம். காய்ந்த தோலில் துளி பொடி பட்டால் உயிர் போகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். சானிட்டைசர் மட்டும் தடவாதீர்கள், அது பொடியைக் கழுவிக் கொண்டு போகாது, தோலில் பரப்பிவிடும். ஊசி கிடந்தால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

அடுத்து, கவரோடு அப்படியே இன்னொரு கவரில் போட்டுக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். போட்டோ எடுங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். ஆடு மாடு குடிக்கிற தண்ணீர்.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். அதை வாரக்கணக்கில் வீட்டில் வைத்திருக்க முடியாது. சட்டம் பார்ப்பது யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். எம்டிஎம்ஏ என்றால் அரை கிராம் வரைதான் 'சிறிய அளவு', 10 கிராமைத் தாண்டினால் 'வணிக அளவு'. மெத் என்றால் 2 கிராம், 50 கிராம். அதாவது ஒரே கவரில் இருக்கும் ஒரே எடைக்கு, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வழக்கின் கனம் மாறும். இதோடு, 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. முக்கால் பங்கு குளுக்கோஸ் என்றாலும் அந்தக் குளுக்கோஸும் தராசில் ஏறும்.

அதனால் அதைப் பையில் போட்டுக்கொண்டு 'கோயம்புத்தூரில் தெரிந்த டாக்டரிடம் காட்டலாம்' என்று வாளையாறைத் தாண்டாதீர்கள். கூரியரில் எங்கும் அனுப்பாதீர்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனில் பேசிவிட்டு, பஞ்சாயத்து மெம்பர் மாதிரி பொறுப்பானவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு எக்சைஸ் (கலால்) அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் நான் பார்த்தவரை கடைசியில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. கடைக்கு வந்த அந்த அம்மாவும் அப்படித்தான் செய்தார்.

3. கண்ணால் எவ்வளவு தெரியும்

மாத்திரை அட்டை என்றால் ஓரளவு தெரியும். என் தொழில் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விடுங்கள். சின்ன எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். டாபென்டடால், டிராமடால், நைட்ரசெபம், அல்பிரசோலம், பிரிகாபாலின் என்ற பெயர்களில் ஒன்று தென்பட்டால், வீட்டில் யாருக்கும் டாக்டர் எழுதித் தரவில்லை என்றால், கவனியுங்கள். இடது ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் தரக் கூடாத மருந்து. 'ஆர்எக்ஸ்' குறிக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து சேர்ந்திருந்தால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. 'எக்ஸ்' சேர்ந்திருந்தால் இன்னும் கடுமையான பட்டியல், கடைக்காரர் சீட்டின் நகலையே எடுத்து வைக்க வேண்டும். பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிற துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் விற்றிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாதென்று யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தயாரான, அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் கோடு இருக்கும். ஸ்கேன் செய்தால் தயாரிப்பு விவரம் வர வேண்டும்.

அட்டை இல்லாத உதிரி மாத்திரை என்றால் கதை முடிந்தது. அமெரிக்காவில் மாத்திரை மேல் எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள், அதை ஒரு ஆப்பில் போட்டால் மருந்தின் பெயர் வந்துவிடும். நம் ஊர் மாத்திரைகளில் அப்படிப் பொறிக்கும் கட்டாயம் இல்லை. வெள்ளையாக வட்டமாக நடுவில் கோடு போட்ட மாத்திரை என் கடையிலேயே ஏராளம். அந்த ஆப்பை இறக்கி நம் ஊர் மாத்திரையைப் போட்டோ எடுத்துப் போட்டால் எதையாவது ஒன்றைக் காட்டும். தப்பாகக் காட்டும். ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட அது ஆபத்து.

டாபென்டடால் பற்றி ஒரு வார்த்தை. வலி மாத்திரை, கடையில் வாங்கியது, கம்பெனி மருந்து, அதனால் பயமில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓபியம் வகை வேலை செய்கிற மருந்து அது. அளவு கூடினாலும் சாராயத்தோடு சேர்ந்தாலும் மூச்சை அடக்கும், வலிப்பையும் வரவழைக்கும். தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான், மீதி உருவம் பிடிக்கச் சேர்த்த டால்க்கும் செல்லுலோசும். அது ரத்தத்தில் கரையாது. நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும், குத்திய இடம் சீழ் கட்டும்.

பொடி, படிகம், காகிதம், எண்ணெய், சாக்லேட் எதுவானாலும் பார்வை உதவாது. கஞ்சா சாக்லேட்டைப் பற்றி மட்டும் ஒன்று. புகைத்தால் உடனே தெரியும், தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் 'இது வெறும் மிட்டாய்தான்' என்று முழுக் கட்டியையும் தின்றுவிடுவார்கள். சின்னக் குழந்தை கையில் கிடைத்தால் இன்னும் மோசம், நேராக ஆஸ்பத்திரிதான்.

4. வண்ணம் மாறும் சோதனைத் துளிகள்

இன்டர்நெட்டில் தேடுகிறவர்கள் எப்படியும் இங்கே வந்து நிற்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மார்க்கி என்று ஒரு திரவம், அடர் கந்தக அமிலமும் பார்மால்டிஹைடும் சேர்ந்தது. ஒரு துளி விட்டால் எம்டிஎம்ஏ ஊதாவாகிக் கறுக்கும், மெத் ஆரஞ்சுப் பழுப்பாகும். எர்லிக் என்ற இன்னொன்று எல்எஸ்டி வகைக்கு ஊதா காட்டும், என்-பாமுக்கு நிறம் மாறாது. போலீஸும் எக்சைஸும் வைத்திருக்கும் கிட்டிலும் இந்த மாதிரி துளிகள்தான்.

இப்போது இதன் ஓட்டைகள். ஊதா வந்தால் எம்டிஎம்ஏ 'இருக்கிறது' என்றுதான் பொருள். 'அது மட்டும்தான் இருக்கிறது' என்று பொருள் இல்லை. கறுப்பு ஏறிவிட்டால் அதற்கடியில் ஒளிந்திருக்கும் மெல்லிய நிறம் தெரியாது. எவ்வளவு இருக்கிறது என்று எந்தத் துளியும் சொல்லாது. பென்டனில் என்ற மிக வீரியமான ஓபியம் வகை மருந்து கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் காகிதப் பட்டை வெளிநாடுகளில் தருகிறார்கள். அதிலும் இதே தொல்லை: உப்புமாவில் முந்திரி மாதிரி ஒரு மூலையில் கட்டியாக இருக்கும், நீங்கள் எடுத்த சிட்டிகையில் இருக்காது. ஐரோப்பாவில் சில நாடுகளில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் லேபில் சோதித்துச் சொல்லும் அரசு ஏற்பாடு உண்டு, நெதர்லாந்தில் 1990-களிலிருந்தே நடக்கிறது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு அப்படி ஒரு கவுண்டர் இல்லை. இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம், அது வேறு பேச்சு.

உறுதியாகச் சொல்லக்கூடியது வாயு நிறப்பிரிகையும் நிறைமாலைமானியும் வைத்துப் பார்க்கிற லேப் மட்டும்தான். கேரளத்தில் திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோடு ஆகிய மூன்று ஊர்களில் கெமிக்கல் எக்சாமினர் லேப் இருக்கிறது. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை, கோயம்புத்தூரிலும் வட்டார லேப் உண்டு. வழக்கு மூலமாகப் போகும் பொருளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ஆகவே வீட்டில் கந்தக அமிலம் வாங்கி வைத்துச் சட்டையிலும் கண்ணிலும் தெறிக்கவிட வேண்டாம்.

5. எடுத்துவிட்டார்கள்: பொருளை விடுங்கள், ஆளைப் பாருங்கள்

என்ன எடுத்தான், யார் கொடுத்தது என்று விசாரிப்பதில் பத்து நிமிடம் போய்விடும். மூச்சு, நிறம், சூடு, பேச்சு, இந்த நான்கையும் முதலில் பாருங்கள்.

அடங்கிப் போகிறவர். கூப்பிட்டால் பதில் இல்லை, தோளை உலுக்கினாலும் முனகல்தான். தொண்டையில் நீர் கொதிப்பது மாதிரி கரகரவென்று குறட்டை. 'நல்லாத் தூங்குறான், தூங்கட்டும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போய் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். பெரியவருக்குப் பத்துக்குக் கீழே என்றால் ஆபத்து. உதட்டின் உள்பக்கமும் நகக்கண்ணும் நீலம் பாய்கிறதா பாருங்கள், நம் நிறத்துக்கு முகத்தில் தெரியாது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஓபியம் வகை. சுருங்காவிட்டாலும் தூக்க மருந்தாக இருக்கலாம், அதனால் கண்மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மேல்காலை மடக்கிவிடுங்கள், வாந்தி வந்தால் வெளியே போகும். மூச்சு நின்றுபோனாலோ எப்போதோ ஒருமுறை ஏங்கினாலோ, தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு உயர வேண்டும். நாடியும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

ஆஸ்பத்திரியில் நாலாக்சோன் ஊசி போட்டால் ஓபியம் வகைக்குச் சில நிமிடத்தில் கண் திறப்பார்கள். அப்போதுதான் பலர் தப்பு செய்கிறார்கள், எழுந்துவிட்டான், வீட்டுக்குப் போகலாம் என்று. அந்த ஊசியின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே இருக்கும் சரக்கு அதற்குப் பிறகும் இருக்கும், மறுபடி மூச்சு அடங்கும். டாக்டர் விடும்வரை அங்கேயே இருங்கள்.

கொதிக்கிறவர். மெத், மெபெட்ரோன், பிஎம்ஏ இந்தப் பக்கம். தொட்டால் அனல், பல் இறுகி அரைக்கும், ஒரு இடத்தில் நிற்க மாட்டார், நெஞ்சு வலி சொல்வார், சிலருக்கு வலிப்பு. கூட்டத்தை விலக்குங்கள், மின்விசிறியைப் போடுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நாலு பேர் மேலே ஏறிக் குப்புற அமுக்கிப் பிடிக்காதீர்கள், அதிலேயே மூச்சு நிற்கும். காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை, இந்தச் சூடு வேறு. தண்ணீர் கேட்டால் வாய் வாயாகக் கொடுங்கள். குடம் குடமாகக் குடிக்க வைத்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்து மூளை வீங்கும்.

வேறு உலகத்தில் இருக்கிறவர். இல்லாததைப் பார்க்கிறார், பயப்படுகிறார். ஸ்டாம்ப் எடுத்ததாகச் சொன்னாலும் வலிப்போ நெஞ்சுவலியோ வந்தால் என்-பாமாக இருக்கலாம், ஆஸ்பத்திரி. நம் வேலியோரத்து ஊமத்தையை மறக்காதீர்கள். கண்மணி விரிந்து, வாய் வறண்டு, தோல் சிவந்து சூடாகி, ஒன்றுக்குப் போக முடியாமல், காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தால் ஊமத்தை விதை உள்ளே போயிருக்கலாம். மற்றபடி வெளிச்சம் குறைந்த அறை, தெரிந்த ஒருவர் குரல், இவை பெரிய உதவி. மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

ஒன்றுமே ஆகாதவர். இவர்தான் ஏமாற்றுகிறவர். சந்தேகச் சாராயம் குடித்தவர் காலையில் நன்றாகப் பல் துலக்கிக்கொண்டிருப்பார். மெத்தனால் உடம்பில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கப் பன்னிரண்டு மணி, சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். வயிற்று வலி, மூச்சிரைப்பு, அப்புறம் கண்முன் பனிமூட்டம். அதுவரை காத்திருந்தால் கண் போய்விடும். கூடக் குடித்தவர் ஒருவர் விழுந்துவிட்டார் என்றால், அந்தப் பாட்டிலைத் தொட்ட எல்லோரும் அப்போதே போக வேண்டும். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும் டயாலிசிசும் காப்பாற்றும்.

எல்லோருக்கும் பொதுவாக: புளித்த மோர், எலுமிச்சைச் சாறு, உப்புக் கரைசல், கட்டன் காபி, தலையில் குடம் தண்ணீர், தொண்டையில் விரல், எதுவும் வேண்டாம். பாதி மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும்.

6. ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

'எம்டிஎம்ஏ எடுத்தான்' என்று சொல்லாதீர்கள். 'எம்டிஎம்ஏ என்று சொல்லி வாங்கியிருக்கிறான்' என்று சொல்லுங்கள். கேட்கச் சின்ன வித்தியாசம், ஆனால் முதலில் சொன்னதைக் கேட்கும் டாக்டர் அந்த ஒரு பாதையில் போகக்கூடும், இரண்டாவதைக் கேட்பவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார். கூடவே, எத்தனை மணிக்கு, வாயிலா மூக்கிலா ஊசியிலா, கூடச் சாராயம் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா, வழியில் வலிப்பு வந்ததா. மிச்சம் இருக்கும் கவரையோ அட்டையையோ போட்டோவாகக் காட்டினால் போதும்.

சிறுநீர்ச் சோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அந்தச் சாதாரணக் கிட் குறிப்பிட்ட சில வகைகளைத்தான் தேடும். டாபென்டடால், பென்டனில், என்-பாம், செயற்கைக் கஞ்சா எல்லாம் அதில் நழுவிவிடும். ஆள் எப்படி இருக்கிறார் என்பதுதான் கணக்கு.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயம். விஷம் உட்கொண்ட எவரையும் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தெரிவிக்கலாம், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் போதைப்பொருள் சட்டத்தில் உட்கொண்டதற்கான 27-ஆம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை, பொருளைப் பொறுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோதான். சிறிய அளவோடு சிக்கிய, அடிமையாகிப்போன ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கே தருகிறது. வக்கீலை அப்புறம் பார்க்கலாம்.

7. எடுக்கத்தான் போகிறேன் என்கிறவரிடம்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லித் திருந்தாத பிள்ளையும் நம் பிள்ளைதான். தனியாக எடுக்காதே. கதவைத் தாழ் போடாதே. சாராயத்தோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்காதே. ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டாவது போடாதே. மாத்திரையைக் கரைத்து ஊசி போடாதே. போன முறை தாங்கினாய் என்பது இந்தக் கவருக்குச் செல்லாது. கூட இருப்பவன் விழுந்தால் ஓடாதே, போன் பண்ணு. இவ்வளவையும் திட்டாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிந்தால் நல்லது.

8. பிறகு

நிறுத்த வைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தினமும் சாராயமோ அல்பிரசோலம் வகையோ எடுத்துப் பழகியவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். 2015-இல் தெலங்கானாவில் கலப்படக் கள்ளுக்குக் கெடுபிடி வந்தபோது, திடீரென்று கள் கிடைக்காமல் போனவர்கள் நடுக்கமும் பிதற்றலும் வலிப்புமாக ஆஸ்பத்திரிகளில் வந்து குவிந்தார்கள். தாங்கள் பல வருடமாகத் தூக்க மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவர்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேரளப் பக்கம் எக்சைஸ் துறையின் 'விமுக்தி' உண்டு, மாவட்டந்தோறும் அரசு சிகிச்சை மையம், போன் 14405. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446. மனம் விட்டுப் பேச டெலிமானஸ் 14416, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். என்ன விஷம், என்ன செய்வது என்று எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தில் கேட்க 1800 116 117. விற்கிறவனைப் பற்றித் தகவல் சொல்ல 1933.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வேலந்தாவளம் பக்கம் நின்று 108 அடித்தால் டவர் எந்த மாநிலத்தைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. எடுப்பவர் தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். ஆள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மாநிலம், மாவட்டம், பஞ்சாயத்து, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ, இந்த வரிசையில் சொல்லுங்கள். மூச்சு சரியில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடாதீர்கள், ஆக்சிஜன் இருக்கிற முதல் இடத்தில் நிறுத்துங்கள், அங்கிருந்து பாலக்காடோ கோயம்புத்தூரோ அவர்கள் அனுப்புவார்கள்.

இந்த எண்களையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அந்த அம்மா போன மாதம் அதைப் பார்த்துவிட்டு, "இங்க இருந்தா யாருங்க தம்பி பாப்பாங்க" என்றார். இப்போது ஷட்டருக்கு வெளியே, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டியிருக்கிறேன்.